கல்லீரலைக் கழுவினால் தைராய்டு தேறுமா?

நம் வீடுகளில் நோய்க்கும் பஞ்சமில்லை. மருந்து சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. "உடம்பு முடியவில்லை" என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். பக்கத்து வீட்டார் ஒன்று, அத்தை ஒன்று, கோயிலில் சந்தித்தவர் ஒன்று என ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாம் அன்பினால் சொல்வதுதான். அவற்றுள் பெரும்பாலானவை நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாதவை. ஆனால் ஒரு மருந்தைக் குடிப்பதற்காக இன்னொரு மருந்தை நிறுத்தச் சொல்லும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. அந்த இடத்தில் என் அம்மா ஐந்து மாதம் நின்றார். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

அம்மாவுக்கு நேர்ந்தது

என் அம்மா சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினேழு வயதில் வேலைக்குப் போனார். முதலில் பால்மரம் வெட்டினார். பிறகு பல ஆண்டுகள் மருந்தடிப்பு வேலை. அதாவது, முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு களைக்கொல்லி தெளிக்கும் வேலை. தோட்டம் செம்பனைக்கு மாறி, பின்னர் வீடமைப்புக்காக விற்கப்பட்டதும் எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு, புந்தோங் பக்கம், குடிவந்தது.

2019ஆம் ஆண்டில் அம்மாவுக்கு ஓயாத சோர்வு ஏற்பட்டது. முடி கொட்டியது. மலச்சிக்கல் வாட்டியது. குறைவாகச் சாப்பிட்டும் உடல் எடை கூடியது. அரசாங்க சுகாதார கிளினிக்கில் இரத்தம் எடுத்துச் சோதித்து, தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்றார்கள். தினமும் ஒரு வெள்ளை மாத்திரை. லெவோதைராக்சின் என்பது அதன் பெயர். இரண்டு மாதத்தில் அம்மா பழையபடி ஆனார்.

2024 ஜூன் மாதத்தில் நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது, தெரிந்த அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். நேரடி விற்பனையில் ஈடுபட்டிருப்பவர். 'கல்லீரல் சுத்திகரிப்பு'த் தூள் ஒன்றைக் கொடுத்து, "மாத்திரை எல்லாம் ஈரலில்தான் போய்த் தங்கும். முதலில் ஈரலைச் சுத்தம் பண்ணுங்க. ஈரல் சுத்தமானா தைராய்டு தானா சரியாகும். மாத்திரையை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்று கூறியிருக்கிறார். ஒரு மாதத் தூளுக்கு விலை 260 வெள்ளி. கிளினிக்கில் அம்மா கட்டியது ஒரு வெள்ளி!

அம்மா நம்பியதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா சம்சு குடித்தே ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, மஞ்சள் பூத்து இறந்தவர். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. "ஈரல் போச்சுன்னா ஆளே போச்சு" என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி ஒலிக்கும் வாசகம். அந்தப் பயத்தின் மீதுதான் அந்த வியாபாரம் நடந்தது.

முதல் இரண்டு வாரம் உடம்பு இலேசாக இருந்ததாக அம்மா சொன்னார். தீபாவளி விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது, ஈப்போ வெயிலில் கம்பளிச் சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. குரல் கரகரத்தது. பேச்சு மெதுவாகியிருந்தது. முறுக்குப் பிழிய உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் என் கையைப் பிடித்தார். மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். டி.எஸ்.எச். எனப்படும் அளவு ஏறக்குறைய 4-க்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்கு 60-ஐத் தாண்டியிருந்தது.

தைராய்டு என்ன செய்கிறது?

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறு சுரப்பி. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினை ஈர்த்து ஹார்மோனைத் தயாரிக்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி-4. மூன்று கொண்டது டி-3. உடலின் ஒவ்வொரு உயிரணுவும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை இவை நிர்ணயிக்கின்றன. இவை குறைந்தால் இதயத் துடிப்பு, குடலின் அசைவு, உடல் வெப்பம், நினைவாற்றல் என அனைத்தும் மந்தமாகின்றன.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு மண்டோர் போன்றது. தைராய்டு வேலையில் பின்தங்கினால் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்பி அதை விரட்டுகிறது. தைராய்டு எவ்வளவுக்கு எவ்வளவு சுணங்குகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு மண்டோரின் சத்தம் கூடும். டி.எஸ்.எச். 60 என்றால் மண்டோர் தொண்டை கிழியக் கத்துகிறார், ஆனால் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இந்தக் குறைபாட்டுக்கு இரண்டு பெரும் காரணங்கள் உள்ளன. ஒன்று, அயோடின் பற்றாக்குறை. நம் நாட்டில் சரவாக்கின் உட்பகுதிகளிலும் தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி கிராமங்களிலும் இதனால் முன்கழுத்துக் கழலை காணப்பட்டதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மற்றொன்று, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைப் பகையாக நினைத்துத் தாக்குவது. இதை 1912ஆம் ஆண்டில் முதலில் விவரித்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ. அவர் பெயராலேயே அந்நோய் இன்றும் வழங்குகிறது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இதுவே முதன்மைக் காரணம். ஆண்களை விடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது.

1891ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்றைய மாத்திரையின் தத்துவமும் அதுவே. உடலில் எது இல்லையோ அதைக் கொடுப்பது. அம்மா விழுங்கும் லெவோதைராக்சின், தைராய்டு சுரக்கும் டி-4 ஹார்மோனேதான். அணுவுக்கு அணு வேறுபாடு இல்லை. அது ஈரலில் போய்த் தேங்கும் அந்நியப் பொருள் அன்று.

கல்லீரல் எங்கே வந்தது?

பொய்யை விட அரை உண்மைக்கு வலிமை அதிகம். இந்த விற்பனைப் பேச்சிலும் ஓர் அரை உண்மை இருக்கிறது.

தைராய்டு பெரும்பாலும் டி-4 ஹார்மோனையே சுரக்கிறது. வேலை செய்யும் ஹார்மோன் டி-3. உடலில் உள்ள டி-3-இல் ஏறக்குறைய 80 விழுக்காடு, கல்லீரல், சிறுநீரகம், தசை முதலிய உறுப்புகளில் டி-4-இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்குவதன் மூலம் உண்டாகிறது. தைராய்டே இல்லாத மனிதர்களிலும் இந்த மாற்றம் நடப்பதை 1970ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே "கல்லீரலில் டி-4, டி-3-ஆக மாறுகிறது" என்பது உண்மையே. "எனவே கல்லீரலைச் சுத்தம் செய்தால் தைராய்டு சரியாகும்" என்பதில்தான் சறுக்கல் உள்ளது.

அம்மாவிடம் இதை நான் தோட்டத்து மொழியில்தான் விளக்கினேன். பால்மரத்தில் பால் சுரக்கிறது. மங்கில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அமிலம் கலந்து உறைய வைத்து, தகடாக்கிப் புகைபோடுகிறார்கள். தைராய்டு என்பது மரம். டி-4 என்பது பால். கல்லீரல் என்பது தகடு போடும் கொட்டகைகளுள் ஒன்று. டி-3 என்பது தகடு. இப்போது மரத்தில் பால் வற்றிவிட்டது. கொட்டகையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் தகடு வருமா?

"பாலே இல்லாம தகடு எங்கேருந்து வரும்?" என்றார் அம்மா. இரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொல்கிறது. அம்மாவின் டி-4 குறைவாகவும் டி.எஸ்.எச். மிக அதிகமாகவும் இருந்தன. கோளாறு கல்லீரலில் என்றால் டி-4 இப்படிக் குறைந்திருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்களுக்கு டி-3 குறைவது உண்டு. ஆனால் அவர்களுக்குப் பொதுவாக டி.எஸ்.எச். இப்படி ஏறுவதில்லை, மருத்துவர்கள் கல்லீரல் நோயைத்தான் கவனிப்பார்கள்.

உண்மையில் பாதிப்பு மறுதிசையில்தான் அதிகம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை அகற்றும் கல்லீரலின் திறன் குறைகிறது, கொலஸ்ட்ரால் ஏறுகிறது. அம்மாவுக்கும் அந்த ஐந்து மாதத்தில் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. அதைக் கண்டு "பார்த்தீர்களா, ஈரலில் கொழுப்பு!" என்று சொல்வது எளிது. மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் அது தானாக இறங்கியது. கல்லீரலைக் கழுவித் தைராய்டு தேறவில்லை; தைராய்டுக் குறையை நிரப்பியதால் கல்லீரல் தேறியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம் என்ற கல்லீரல் கொழுப்பு நோய் மருந்தும், கல்லீரலில் தைராய்டு ஹார்மோனைப் போலச் செயல்பட்டே பயன் தருகிறது. (அது தைராய்டுக் குறைபாட்டுக்கான மருந்தன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

'நச்சு' என்பது எது?

கல்லீரல் ஒரு வடிகட்டி, அதில் அழுக்கு படியும், அவ்வப்போது கழுவ வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் இரசாயனத் தொழிற்சாலை. புரதம் சிதைவதால் வரும் அமோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. மதுவையும் மருந்துகளையும் நீரில் கரையும் பொருள்களாக மாற்றிச் சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேற்றுகிறது. இரவும் பகலும் அது செய்யும் வேலையே நச்சு நீக்கம்தான். துலக்குவதற்கு அங்கே கரி பிடித்த சட்டி எதுவும் இல்லை.

மருத்துவத்தில் நச்சு நீக்கம் என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. எந்த நஞ்சு, உடலில் எவ்வளவு, எதைக் கொடுத்தால் நீங்கும், நீங்கியதை எப்படி அளப்பது என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கும். பாராசிட்டமோல் அளவுக்கு மீறினால் அதற்கென ஒரு மாற்று மருந்து; ஈயம் உடலில் ஏறினால் அதற்கென ஒரு மருந்து. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் இத்தகைய ஆலோசனையைத்தான் வழங்குகிறது. தூள் விற்ற அக்காவிடம் அம்மா பிறகு கேட்டார்: "எந்த நஞ்சு வெளியே வரும்?" "எல்லா நஞ்சும்" என்று பதில் வந்தது. எல்லாவற்றையும் தீர்க்கும் என்றால் எதையும் அளக்க வேண்டியதில்லை அல்லவா!

2009ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த இளம் அறிவியலாளர்கள், நம்மைப் போன்ற வயதினர், கடைகளில் விற்ற 15 நச்சு நீக்கப் பொருள்களின் நிறுவனங்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். எந்த இரண்டு நிறுவனமும் ஒரே விளக்கத்தைத் தரவில்லை. 2015ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்றும், நச்சு நீக்க உணவுமுறைகள் நஞ்சை வெளியேற்றுவதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்றே கண்டது.

"வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தோமே!" என்பார்கள் சிலர். நியூசிலாந்தைச் சேர்ந்த இருவர் 2005ஆம் ஆண்டு லான்செட் ஏட்டில் ஒரு நிகழ்வை எழுதினார்கள். 40 வயதுப் பெண் ஒருவர், மூலிகை வைத்தியரின் சொற்படி 600 மில்லிலிட்டர் ஆலிவ் எண்ணெயும் 300 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறும் குடித்தார். பச்சை நிறக் கற்கள் மலத்தில் வந்தன. பித்தக் கற்கள் கரைந்து வந்துவிட்டன என்று மகிழ்ந்தார். சோதித்துப் பார்த்தால் அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, கால்சியமும் இல்லை. குடித்த எண்ணெயே குடலில் மாறி உருவான சவர்க்காரக் கட்டிகள் அவை! அவருடைய உண்மையான பித்தக் கற்கள் உள்ளேயே இருந்தன.

அப்படியானால் முதல் இரண்டு வாரம் அம்மாவுக்கு ஏன் நன்றாக இருந்தது? தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நிறுத்திய முதல் வாரங்களில் பழைய மாத்திரையே அவரைத் தாங்கியது. தூளில் இருந்த பேதி மருந்து மலச்சிக்கலைப் போக்கியது. நல்ல பெயர் தூளுக்குப் போனது. கெட்டது தலைகாட்டும்போது, "இது நஞ்சு வெளியேறும் அறிகுறி, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சமாதானமும் தயாராக இருந்தது.

கீழாநெல்லி கற்றுத்தரும் பாடம்

இதைப் படிக்கும் சிலருக்கு, "நம் பாட்டி வைத்தியத்தையே குறை சொல்கிறாயா?" என்று கோபம் வரலாம். இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த தோட்டத்துப் பாட்டிகளின் பேத்திதான் நானும். அந்தக் கீழாநெல்லிக்கு ஓர் ஆய்வு வரலாறு உண்டு. அதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெப்படைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பர்க்குடன் இணைந்து, 1988ஆம் ஆண்டு லான்செட் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் மீண்டும் சோதித்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்து நோக்கியவர்கள், உறுதியான சான்று இன்னும் இல்லை என்றார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாறாக, பெருமைப்படலாம். நம் மூலிகையை நம்மவர்களே எடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, எண்களைப் பகிரங்கமாக வைத்தார்கள். மரபுக்குச் செய்யும் மரியாதை அதுதான். அந்தச் சோதனை எதற்கும் உட்படாத தூளை '5,000 ஆண்டு இரகசியம்' என்று பெட்டியில் அச்சடிப்பது மரியாதை ஆகாது. மேலும், கீழாநெல்லி கல்லீரலுக்கு நன்மை செய்வதாகவே வைத்துக்கொண்டாலும், பால் வற்றிய மரம் அதனால் பால் தராது.

தீமையும் உண்டு

பயன் இல்லை என்பதோடு கதை முடிந்துவிட்டால் பணம் மட்டுமே நட்டம். தைராய்டு நோயாளிகளுக்கு வேறு கவலைகளும் உள்ளன.

முதலாவது, மாத்திரை உடலில் சேராமல் போவது. இப்பொருள்கள் பலவற்றில் கரித்தூள், களிமண், நார்த்தூள், சோயா, கால்சியம், இரும்புச் சத்து போன்றவை கலந்திருக்கும். இவற்றை மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தாமலே நிறுத்தியது போலாகிவிடும்.

இரண்டாவது, 'கல்லீரலை வேகப்படுத்துவது'. தைராக்சினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையையும் கல்லீரல் செய்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின் போன்ற மருந்துகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டும்போது தைராக்சின் விரைவாகக் கரைகிறது. மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவருகிறது. ஆகவே, கல்லீரலின் வேகம் கூடினால் தைராய்டு நோயாளிக்கு நன்மை என்பது தலைகீழ்க் கணக்கு.

மூன்றாவது, கல்லீரல் பொருள்களில் அடிக்கடி காணப்படும் மில்க் திஸ்ல் என்ற மூலிகை. அதிலுள்ள சிலிகிறிஸ்டின் என்னும் பொருள், தைராய்டு ஹார்மோன் உயிரணுவுக்குள் நுழையும் ஒரு வாயிலை வலுவாக அடைப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2016இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். இது உயிரணுக்களில் கண்டது. மனிதரில் இதே அளவு நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் தைராய்டுக்கு நல்லது என்று விற்கப்படும் பொருளில் இப்படி ஒன்று இருப்பது சிந்திக்க வேண்டியதே.

நான்காவது, கல்லீரலுக்கே வரும் கேடு. மும்பையில் கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அது, எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் வகையை ஒத்திருந்தது. இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு இதை ஏற்கவில்லை. வேறொரு சீந்தில் இனத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. அந்த வேறு இனம்தான் நம் நாட்டில் பத்தாவாலி என்று வேலியோரங்களில் படர்வது. அதனாலும் கல்லீரல் பாதிப்பு நேர்ந்தது பதிவாகியுள்ளது. எந்தக் கொடியாக இருந்தாலும், எதிர்ப்புச் சக்திக் கோளாறு உடையவர்கள், அதாவது ஹஷிமோட்டோ நோயாளிகள் உட்பட, எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஐந்தாவது, கடற்பாசித் தூள். அயோடின் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. ஹஷிமோட்டோ நோயாளிக்கு அளவு மீறிய அயோடின் தைராய்டை இன்னும் மந்தமாக்கக்கூடும். ஆறாவது, முடி வளரச் சாப்பிடும் பயோட்டின். இது தைராய்டைக் கெடுக்காது. ஆனால் சில வகை இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் பயோட்டின் பற்றி எச்சரித்தது.

அம்மாவின் கேள்வி

இவ்வளவையும் விளக்கி முடித்தபோது அம்மா அமைதியாக ஒன்று கேட்டார். "எல்லாம் சரிம்மா. நான் அத்தனை வருஷம் மருந்தடிச்சேனே, அந்த விஷம் எங்கே போயிருக்கும்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவின் நம்பிக்கைக்குப் பின்னால் தாத்தாவின் ஈரல் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், சேலைத் துணியை வாயில் கட்டிக்கொண்டு தெளித்த தலைமுறை அது. அவர்கள் தெளித்தவற்றுள் முக்கியமானது பாராகுவாட். 2002இல் நம் அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

தேடிப் படித்தேன். அமெரிக்காவில் அயோவா, வட கரோலைனா மாநிலங்களில் பூச்சிமருந்து தெளிப்போரின் மனைவியர் 16,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளிவந்துள்ளது. பாராகுவாட் உட்பட சில மருந்துகளைப் பயன்படுத்திய பெண்களிடம் தைராய்டுக் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது. காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. தைராய்டுக் குறைபாடு மருந்தே அடிக்காத பெண்களுக்கும் வருகிறது. அம்மாவுக்கு ஏன் வந்தது என்று எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் அம்மாவின் சந்தேகம் மூடத்தனம் அன்று.

இரண்டு நாள் கழித்து அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "பாராகுவாட் உடலில் நுழைந்தால் பெரும்பகுதியைச் சிறுநீரகம் சில நாளிலேயே வெளியேற்றிவிடும். இருபது வருஷம் ஈரலில் ஒளிந்திருக்காது. அது ஏதாவது கெடுதல் செய்திருந்தால், செய்துவிட்டுப் போய்விட்டது. போன திருடனைத் தேடி வீட்டைக் கழுவுவதால் பொருள் திரும்பாது. இழந்ததை ஈடுகட்டத்தான் அந்த வெள்ளை மாத்திரை."

தெளித்த பெண்களுக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை, பதில் சொல்லவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் 260 வெள்ளித் தூள் நுழைகிறது. இதை எழுதும்போது என் கோபம் தூள் விற்ற அக்காவின் மீது மட்டும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பிறகே அதைத் தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. அந்த வரிசையிலேயே செல்வோம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுப்பது நலம். கோப்பியும் அதற்குப் பிறகுதான். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் சோதிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் சோர்வு தீரவில்லை என்றால், நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தச் சோகை, நீரிழிவு, தூக்கக் குறைவு என வேறு காரணங்கள் இருக்கலாம்.

கல்லீரலின் மீது அக்கறை இருந்தால் அதற்கும் வழி உண்டு. மதுவைத் தவிர்க்கலாம், எடையைக் குறைக்கலாம், இனிப்புப் பானங்களைக் குறைக்கலாம், ஹெப்படைடிஸ் பி, சி பரிசோதனை செய்துகொள்ளலாம். இவற்றுக்குப் பெட்டியும் வேண்டாம், பொடியும் வேண்டாம்.

மருந்து என்று எதை வாங்கினாலும் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கு அந்த எண் 'டி' என்ற எழுத்தில் முடியும். சுகாதார அமைச்சின் அகப்பக்கத்தில் அதைச் சரிபார்க்கலாம். பதிவு என்பது பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துத் தரப்படுவது. நோயைக் குணமாக்கும் என்பதற்கான சான்றிதழ் அன்று. உணவு என்ற பெயரில் விற்கப்படுவதற்கு அந்த எண்ணும் இருக்காது. நோய் தீர்க்கும் என்று சொல்லி அதை விற்கவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் கேளுங்கள். விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறோம். "மாத்திரை சாப்பிட்டீங்களா? புதுசா ஏதும் குடிக்கிறீங்களா?" என்றும் கேட்போம். ஐந்து மாதம் நான் அதைக் கேட்கவில்லை. மேலும், கேட்கும்போது திட்டாமல் கேட்போம். அன்று கிளினிக்கில் மருத்துவர் அம்மாவைக் கடிந்துகொள்ளவில்லை. "எதுக்கும்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டு, பதிலை முழுவதும் கேட்டார். அதனால்தான் அம்மா மறைக்காமல் சொன்னார்.

இன்று அம்மாவின் டி.எஸ்.எச். சரியான அளவில் இருக்கிறது. கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போய்விட்டது. தோட்டத்தில் பெரட்டுக்குப் போக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்த பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. அந்த நேரத்திலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு, வாசலைக் கூட்டி முடித்து, ஆறு மணிக்குத்தான் கோப்பி கலக்குகிறார். மீதமிருந்த தூளை என்ன செய்தார் என்று கேட்டேன். "ஈரலுக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.